வராத பத்தொன்பது பேர்

எங்கள் ஆஸ்பத்திரியில் என் அக்கா புருஷனுக்கு 'நாலு ஸ்குரூ' என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்வேன். மச்சினிக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? முதுகெலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மற்ற டாக்டர்கள் எட்டு ஸ்குரூ போட்டுக் கம்பியால் இணைப்பார்கள். நாலே போதும், காயம் சின்னது, ரத்தம் மிச்சம், குனிய நிமிர வரும் என்று பதினொரு வருஷமாக இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

சமையலறை ஜன்னலில் எக்ஸ்ரே படத்தை ஒட்டிவைத்துக் கோணம் அளப்பார். பக்கத்திலேயே பால் பொங்கி வழியும், கண்ணில் படாது.

"ஊரார் முதுகெல்லாம் அளக்குறீங்க, எனக்குப் பத்து நாளா முதுகு வலிக்குதுன்னு சொல்றேன், காதுல விழுதா?" என்பாள் அக்கா.

"நடக்கிறே இல்ல? அப்ப ஒண்ணுமில்ல."

இப்படித்தான் பேசுவார். நோயாளிகளிடம் மட்டும் தேனாய்க் குழைவார்.

நான் அதே ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறையில் இருக்கிறேன். அவருடைய ஆராய்ச்சிக் கோப்புகள் எல்லாம் என் கையால் அடுக்கியவை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். ரெண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் தொண்ணூற்று மூன்று. மீதிப் பத்தொன்பது பேர் வரவே இல்லை. அவர்களையும் 'குறையில்லை' என்ற கட்டத்தில்தான் போட்டிருந்தார். வலித்தால் வராமல் இருப்பார்களா என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே பட்டது, பொய் சொல்லக் கூடாது.

அவர் கட்டுரை எழுதி அனுப்பியிருந்த மருத்துவப் பத்திரிகை ஒரே ஒரு கேள்வியோடு அதைத் திருப்பி அனுப்பியது: வராதவர்களைப் பார்த்தது யார்?

"வீம்புக்குக் கேக்குறான்!" என்று குதித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் போன் போட்டு, நல்லா இருக்காங்கன்னு எழுதிக் கொடு."

போட்டேன். நாலு பேர் நம்பர் வேலை செய்யவில்லை. எட்டுப் பேர் நன்றாக இருந்தார்கள். ஏழு பேருக்குக் கம்பி உடைந்திருந்தது, இல்லாவிட்டால் முதுகு கூன் விழுந்திருந்தது. அதில் ஐந்து பேர் வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கடைசி போன் வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முடிந்தது. ஏழு பேருடைய பழைய படங்களையும் இழுத்துப் பார்த்தேன். ஏழிலும் எலும்பு வெறுமனே முறியவில்லை, நொறுங்கியிருந்தது; அதை நாலு ஸ்குரூ தாங்கவில்லை.

அன்றைக்கு முதல் ஆபரேஷன் சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயின்டருக்கு. அவர் படத்தை முந்தின நாள் நான்தான் கோப்பில் வைத்தேன். அதுவும் நொறுங்கல்.

அந்த ஏழு பேருடைய தாள்களையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தியேட்டர் வாசலில் பெயின்டரின் மனைவி அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழாயடியில் மாமா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க."

ஆஸ்பத்திரியில் நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தார். கழுவிய கையால் காகிதத்தைத் தொடக் கூடாது. முழங்கையில் தண்ணீர் சொட்ட, கையை உயர்த்திக்கொண்டே நின்றார். நான் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன்.

"இப்பத்தான் இதைக் காட்டணுமா? ஆளுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு."

"அறுத்த பிறகு காட்டி என்ன பிரயோஜனம்?"

"ஏழு பேர்தானே. நூத்துப் பன்னிரண்டுல ஏழு."

"ஏழு பேருக்கும் எலும்பு எப்படி இருந்துச்சு? உள்ள படுத்திருக்கிறவருக்கு எப்படி இருக்கு? நீங்களே சொல்லுங்க."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "டாக்டர், நாலு ஸ்குரூ எடுத்து வச்சாச்சு," என்றாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் தாளை மறுபடி காட்டச் சொல்லித் தலையசைத்தார். காட்டினேன்.

"எட்டு எடுத்து வைம்மா," என்றார் நர்ஸிடம். பதினொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எட்டு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் நேராக ரெக்கார்டு அறைக்கு வந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு ரெண்டு வரி எழுதினார். பிறகு ஏழு பேருக்கும் தானே பேசுவதாகச் சொன்னார். முதலில் ஒரு தையல்காரம்மா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"கம்பி உடைஞ்சதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவ்வளவு அன்பாப் பாத்தீங்க டாக்டர். உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் வேற இடத்துக்குப் போனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். எனக்கு அப்புறம் இதே மாதிரி எத்தனை பேருக்குப் போட்டீங்க?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணிக்கை சொல்கிற மனுஷன் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டினேன்.

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

அந்தம்மா போனை வைக்கவில்லை. மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நாற்பத்தொரு கோப்பையும் இறக்கச் சொன்னார்.