வாள் வாத்தியாரின் சட்டைக்கை

மொன்றியலில் இருபத்திரண்டு வருஷம் நான் சட்டைக்கை தைத்தேன். முழுச் சட்டை இல்லை, கை மட்டும். தையல் தொழிற்சாலையில் அப்படித்தான். ஒருத்தி கொலர், ஒருத்தி பொக்கற், நான் கை. தோள் வெட்டுக்குள் கையைப் பொருத்திச் சுருக்கம் விழாமல் மெஷினை ஓடவிட வேண்டும். பிழை வந்தால் சுப்பவைசர் அந்த உருப்படியில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டைக் குத்தித் திருப்பி அனுப்புவா. எல்லாரும் பார்க்க அது மேசை மேசையாகக் கடந்து வரும். இருபத்திரண்டு வருஷத்தில் என் மேசைக்கு ஒரு சிவப்புத் துண்டு வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், இதை எழுதவும் நாட்கணக்காகிறது. பிரெஞ்சு, தொழிற்சாலையில் காதால் வந்தது. சட்டைக்கைக்கு மான்ஷ், நூலுக்கு ஃபில், சரியில்லை என்றால் பா போன். ஒரு மனுஷரோடு சண்டை பிடிக்க இவ்வளவும் போதும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருஷத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாங்கள் அப்போது மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருந்தோம். சனிக்கிழமை காலையில் நான் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பீடத்துச் சீலை மாற்றுவேன். மேலே நான் சீலையை விரிக்க, கீழ் மண்டபத்தில் இருந்து டங், டங் என்று இரும்புச் சத்தம் வரும். ஒருநாள் படியிறங்கிப் பார்த்தேன்.

பதினைந்து பேர், ஆணும் பெண்ணும், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த வாள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூர் இல்லாத வாள்தான், ஆனால் இரும்பு. நடுவில் செம்பட்டைத் தாடியோடு பெரிய உருவமாக ஒருவர். அவர்தான் பழக்குகிறவர். நான் வாளைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டை கமக்கட்டில், அக்குளடியில், கிழிந்திருந்ததைத்தான் பார்த்தேன்.

"மான்ஷ் பா போன்," என்று கிழிசலைக் காட்டிச் சொன்னேன்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். அடுத்த கிழமை, நான் தையல்காரி என்று கோயிலில் விசாரித்தறிந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றார், கையில் ஒரு படம். படபடவென்று பிரெஞ்சு கதைத்தார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: கார்ட். இவருக்கும், அதுதான் என் மனுஷனுக்கும், அவ்வளவுதான் விளங்கியது.

"இஞ்சாரப்பா," என்றார் இவர், "தாடிக்காரன் பிள்ளை பராமரிக்கிற கார்டெரி திறக்கப் போறானாம். குழந்தைப் பிள்ளையளுக்கு மெத்தை தைக்கட்டாம்."

நானும் சந்தோஷமாகத் தலையாட்டி, "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன். வந்தவர் முழித்தார். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றை எடுத்துத் தலைக்கு மேலே ஓங்கிக் காலை அகட்டி நின்றார். "கார்ட்!" என்றார். வெட்டுக்கு முன்னால் நிற்கிற நிலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் அது.

"இவனிட்டையோ பிள்ளையளை விடுறது!" என்றார் இவர்.

தேத்தண்ணி குடித்தபடி வந்தவர் ஆறுதலாகச் சொல்ல, மெல்ல மெல்ல விளங்கியது. ஜெர்மன் தேசத்தில் அறுநூறு வருஷத்துக்கு முன்னர் இருந்த வாள்வித்தையாம். அதைப் பழக்கிய பரம்பரை அழிந்துபோய்விட்டது. மிஞ்சினது கையால் எழுதிப் படம் கீறின சில புத்தகங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்தவரைப் போலச் சில பேர் அந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்தே வித்தையைத் திரும்பக் கண்டுபிடித்துப் பழக்குகிறார்கள். பகலில் அவருக்கு புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை.

"உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, மதாம். புத்தகம்தான்."

"வாத்தியாருக்கே வாத்தியார் இல்லையாம்!" என்றார் இவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பேர் வாள் வாத்தியார்.

வாத்தியார் கேட்டது இதுதான். வசந்த காலத்தில் பல நாட்டு வாள் வாத்தியார்மார் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வரப்போகிறார்கள். அதற்குத் தனக்கொன்றும் அங்கே வாள் வீசிக் காட்டப்போகிற மாணவருக்கு எட்டும், அந்தப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்த படத்தில் இருப்பது போலத் தடித்த சட்டை வேண்டும். பல மடிப்புச் சீலை வைத்து, அடி தாங்கத் தைத்தது. முதலில் தன்னுடையது. அது சரிவந்தால் மற்ற எட்டும்.

படத்தைக் குசினிச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டினேன். ஒரு கிழமை அதைப் பார்த்தபடி சமைத்தேன். படத்தில் ஒருவன் வாளைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறான். சுற்றிவர எழுத்து. எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். ஆனால் அந்தச் சட்டைக்கையில் கீறியிருந்த மடிப்பு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. தோள் வெட்டு சின்னது, கமக்கட்டோடு ஒட்டினது. கையின் தலைப்பு அகலமானது. இந்தக் காலத்துச் சட்டை அப்படி இல்லை. நான் படத்தில் இருந்த மாதிரியே வெட்டினேன், படத்தில் இருந்த மாதிரியே பொருத்தினேன்.

மண்டபத்தில் வாத்தியார் அதைப் போட்டுப் பொத்தான் பூட்டினார். வடிவாகத்தான் இருந்தது. பிறகு வாளைத் தலைக்கு மேலே தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. இன்னொருக்கால் தூக்கினார். சட்டை கழுத்தை இறுக்கியது. மாணவர் பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"மதாம்," என்றார் மெதுவாக, "மான்ஷ் பா போன்."

நான் சொல்லிக் கொடுத்த வாசகம் எனக்கே திரும்பி வந்தது. காது இரண்டும் சுட்டது. நல்ல மனுஷர், நோகாமல்தான் சொன்னார். நாள் போதாதாம், மற்ற எட்டையும் வெளிநாட்டுக் கடையில் எடுக்கப் போகிறாராம், நான் பட்ட பாட்டுக்கு மெர்சியாம். அவர் என்ன சொன்னாலும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷம் வராத சிவப்புத் துண்டு, தொழிற்சாலை மூடின பிறகு வந்திருக்கிறது.

வீட்டில் இவர் சும்மா இருந்தாரா?

"விடப்பா. அவன் கேட்டது வாள்ச்சட்டை. நீ தைச்சது பள்ளிக்கூடத்துச் சட்டை."

மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவரோடு நான் கதைக்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்த சட்டையை ஊசி குத்தி என் அளவுக்குச் சுருக்கி நானே போட்டுக்கொண்டு, விளக்குமாறும் கையுமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். வாத்தியார் நின்ற மாதிரி முழங்கையை வெளியே அகட்டித் தூக்கினேன். கழுத்தை இறுக்கியது. படத்தைப் பார்த்தேன். தோளில் மூன்று மடிப்பு, மூன்றும் கழுத்தைப் பார்த்து ஓடுகின்றன. முழங்கை வெளியே போனால் மடிப்பு முதுகுப் பக்கம் அல்லவா ஓடும்? இரண்டு முழங்கையையும் முகத்துக்கு நேரே உள்ளே திருப்பி, பிறகு தூக்கினேன். கை வெண்ணெய் மாதிரிப் போனது.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். "சட்டை பிழையில்லை. ஆள்தான் பிழை!"

இவர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, வாள் வைச்சிருக்கிறவனிட்டைப் போய் அதைச் சொல்லிப்போடாதை."

சனிக்கிழமை போய் அதைத்தான் சொன்னேன். படத்தை மேசையில் விரித்தேன், சட்டையைப் பக்கத்தில் வைத்தேன். "மான்ஷ் போன். வாத்தியார் பா போன்," என்றேன். அவருடைய முகம் தாடியின் நிறத்துக்கு வந்தது.

"மதாம், ஒன்பது வருஷமாக நான் இப்படித்தான் பழக்குகிறேன். புத்தகத்தில் வாளைத் தூக்கச் சொல்லி எழுதியிருக்கிறது."

"முழங்கை எங்கை எண்டு எழுதியிருக்கோ?"

யோசித்தார். "இல்லை."

"எழுத்து எனக்குத் தெரியாது. சீலை தெரியும்," என்று மடிப்பு மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். பிரெஞ்சு எவ்வளவு வந்ததோ தெரியாது, மிச்சத்தை விரல் சொன்னது. சட்டையைப் போட வைத்து, அந்தப் பெரிய முழங்கை இரண்டையும் பிடித்து உள்ளே திருப்பினேன். வாள் உச்சிக்குப் போனது. சட்டை மூச்சுக்கூட விடவில்லை.

முன்னாலே நின்ற மாணவியை வெட்டச் சொன்னார். அந்த வெட்டில் வழக்கமாக அவருக்குத் தலையில் ஒரு அடி விழும். தலைக்கவசம் இருப்பதால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இந்த முறை அவளுடைய வாள் வாத்தியாருடைய வாளில் வழுக்கி வெளியே போனது. வாத்தியாருடையது அவளுடைய தோளில் மெல்ல இருந்தது. இன்னொருக்கால் செய்தார்கள். அதேதான். மூன்றாந் தரமும் அதேதான்.

வாத்தியார் சுவரோரத்து வாங்கிலில் போய்க் குந்தினார். "ஒன்பது வருஷம்," என்று தனக்குள்ளே சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எட்டுச் சட்டையையும் தையுங்கோ, மதாம்."

தைத்தேன். ஆனால் பயம் போகவில்லை. வரப்போகிறவர்களில் ஒரு அமெரிக்கர், வயதானவர், இந்த வித்தையைப் பற்றிப் புத்தகம் எழுதினவர். அவர் சொன்னால் மற்ற வாத்தியார்மார் மறுத்துக் கதைக்கமாட்டார்களாம். அவர் இந்த நிலை பிழை என்று சொல்லிவிட்டால் என் ஒன்பது சட்டைக்கும் அத்தனை நாட்டுக்காரருக்கும் முன்னால் சிவப்புத் துண்டுதான்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நானும் இவரும் தேத்தண்ணி மேசையடியில் நின்றோம். என் சட்டை ஒன்பதும் வரிசையாக நிற்க, வாத்தியார் முழங்கையை உள்ளே திருப்பி வாளைத் தூக்கினார். வெள்ளைத் தலை அமெரிக்கர் உடனே கையை அசைத்தார். அது அப்படி வராது, முழங்கை வெளியே நிற்க வேண்டும் என்றாராம். சனத்துக்குள் சிரிப்பும் கேட்டது. இவர் என் காதுக்குள், "போவமோ?" என்றார்.

"பேசாமல் நில்லுங்கோ."

வாத்தியார் அதே நிலையில் நின்றார். "வெட்டுங்கோ," என்றார்.

அமெரிக்கர் வெட்டினார். வாள் வழுக்கிப் போனது, வாத்தியாருடைய வாள் அவர் தோளில் இருந்தது. சிரிப்பு நின்றது. அவர் இன்னும் வேகமாக வெட்டினார். திரும்பவும் தோளில். மூன்றாந் தரம் வெட்டியபோது கிர்ர் என்று ஒரு சத்தம். அவருடைய சட்டை கமக்கட்டில் கிழிந்துவிட்டது. வாத்தியாருடைய வாள் அப்போதும் தோளில்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனுஷர்தான். வாளை இறக்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, "இதை உனக்கு ஆர் காட்டினது?" என்று கேட்டார்.

வாத்தியார் வாளாலேயே காட்டினார், தேத்தண்ணி மேசைப் பக்கம். மண்டபம் முழுக்கத் திரும்பியது. இவர், தன்னைத்தான் வாத்தியார் காட்டுகிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார். நான் அதைப் பிடித்து இறக்கினேன்.

அமெரிக்கர் கிழிந்த சட்டையைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, மேசையில் வைத்து, படத்தைக் காட்டச் சொன்னார். மூன்று மடிப்பையும் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன்னுடைய சட்டையைக் காட்டிக் கையை விரித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

நான் தோள் வெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அகலம், கீழே இறங்கினது, ஒரு சுருக்கம் வேறு. கைப்பையைத் திறந்து, ஊசிப் பெட்டிக்குள் கிடந்த சிவப்புச் சீலையில் ஒரு துண்டு வெட்டி அந்தக் கமக்கட்டில் குத்தினேன்.

தைக்கும் நாட்களில் நான் சொல்லியிருந்த அதன் கருத்தை வாத்தியார் எடுத்துச் சொன்னதும் மண்டபமே கைதட்டிச் சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தவர் அமெரிக்கர். உள்ளங்கியோடு எனக்கு முன்னால் வந்து, அளவெடுக்கச் சொல்லி நிமிர்ந்து நின்றார். இவர் என் கைப்பைக்குள் இருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினார்.

"ரீச்சர்," என்றார், முகத்தில் பகிடியே இல்லை. "கையைத் தூக்கச் சொல்லட்டோ?"

"ஓம்," என்றேன். "முழங்கையை உள்ளுக்குத் திருப்பச் சொல்லுங்கோ."