அசிலிஸ் உடைத்த ஈய முத்திரை

பத்தொன்பது வருஷமாகப் பந்தயப் படகு ஓட்டியவள் அசிலிஸ் கெர்பிரியான். ஏழு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக ஒருமுறைகூட வந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாத பத்திரிகைக்காரன் பிரான்சின் பிரெத்தாஞ் கரையில் ஒருத்தன்கூடக் கிடையாது. ‘நிரந்தர இரண்டாவது’ என்று ஒருத்தன் தலைப்பே போட்டான். அவனை நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

பிறந்தது அதே கரையில் துவார்னனே என்ற ஊரில். அம்மா சாளை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பது வருஷம் நின்றே வேலை செய்தவள். பதினேழு வயதில் அசிலிஸ் படகுப் பட்டறைக்குப் போனாள். ஏழு வருஷம் அடுத்தவர்கள் படகின் அடிப்பாகத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். அவள் தேய்த்த படகில் போய் ஜெயித்தவன் மேடையேறி மனைவிக்கும் கம்பெனிக்கும் நன்றி சொல்வான். தேய்த்தவள் பெயர் வாயில் வராது. அந்த எரிச்சல்தான் அவளைச் சொந்தமாகப் பந்தயத்தில் இறக்கியது.

இறங்கியது தனியாள் பந்தயத்தில். நாலைந்து நாள் கடலில் ஒரே ஆள், இருபது இருபது நிமிஷமாகத் தூக்கம், பொடியில் வெந்நீர் ஊற்றிய சாப்பாடு. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். “நீ வீட்டுக்கு வர்றதே துணி துவைக்கத்தான்” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நாலாம் வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

நாற்பத்துமூன்று வயதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. அவள் படகுப் பாயில் தன் பெயரை எழுதியிருந்த பிஸ்கட் கம்பெனியின் முதலாளி கூப்பிட்டு, வெண்ணெய் தடவிய குரலில் சொன்னார்: “இந்த வருஷம் ஜெயிச்சீங்கன்னா அடுத்த வருஷத்துக்குப் புதுப் படகு. இல்லேன்னா, மதாம், நாம நண்பர்களாவே பிரிஞ்சுடலாம்.” இன்னொரு கம்பெனி இந்த வயதில் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வருஷப் பந்தயத்தில் பத்தொன்பது படகுகள். அயர்லாந்துக் கரையிலிருந்து பிரெத்தாஞில் கொங்கார்னோ துறைமுகத்துக்கு. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு பாறைகள் நிறைந்த ராஸ் நீரோட்டத்துக்கு முன்னால் அசிலிஸ், கில்டாஸ் லெ மோவலைத் தாண்டினாள். கில்டாஸ் முப்பத்திரண்டு வயசு, பல்வரிசை அழகாக இருக்கும். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்று அவனைத் தன் விளம்பரத்துக்கு வைத்திருந்தது. இடுப்பு வாரைப் படகில் மாட்டிக்கொண்டு சிரிக்கும் அவன் படம் ஊர் ஊருக்குச் சுவரில் இருக்கும். கீழே, ‘எப்போதும் கட்டிக்கொண்டிருங்கள்’ என்று எழுத்து. இவர்களுக்குப் பின்னால் மூன்றாவது படகு ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. பனிமூட்டம். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் முன்னால் ஒருத்தரும் இல்லை.

தாண்டியவனைத் திரும்பிப் பார்ப்பது பந்தயக்காரர் புத்தி. அவளும் பார்த்தாள். கில்டாஸின் படகு தானியங்கிச் சுக்கானில் வந்துகொண்டிருந்தது, கில்டாஸைக் காணோம். கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் ஒரு சிவப்புச் சட்டை.

தனியாள் பந்தயத்தில் படகின் என்ஜினை உந்துதண்டில் கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். முத்திரை உடைந்தால் அபராதம். உயிரைக் காப்பாற்ற உடைக்கலாம். ஆனால் உடைத்த உடனே ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். அசிலிஸ் பெரிய பாயை அவசரமாக இழுத்து இறக்கினாள். அது எதிலோ மாட்டிக் கிழிந்தது. என்ஜினைப் போட்டாள். முத்திரை அறுந்த சத்தம் காலுக்குக் கீழே கேட்டது.

பதினைந்து நிமிஷம் குளிர்த் தண்ணீரில் கிடந்தவனைக் கயிற்றில் சுருக்குப் போட்டு, கப்பியில் சுற்றித் தூக்கினாள். அவன் கால்சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றுக்குப் போக வாரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றிருக்கிறான். இந்தத் தொழிலில் புயலில் செத்தவர்களைவிட இப்படிச் செத்தவர்கள்தான் அதிகம் என்பார்கள்.

அவள் ரேடியோவை எடுத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் அசிலிஸ். உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்.”

“நீ செத்திருப்ப, மடையா!”

“தெரியும். கரைக்குப் போனதும் நானே சொல்லிடறேன். முதல்ல கம்பெனிக்காரங்ககிட்ட என் வாயால சொல்லணும். ரேடியோல ஊரே கேட்டுதுன்னா என் பொழப்பே சிரிச்சுடும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு.”

“அடுத்தவ கைதூக்கி ஏத்திவிட்டா உன் பந்தயம் முடிஞ்சுது. சட்டம் தெரியும்ல?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. சும்மா கரைவரைக்கும் ஓட்டிட்டு வரேன், அவ்வளவுதான்.”

அடுத்தவன் படகில் நடந்ததை அடுத்தவன்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தக் கரையில் படகோட்டுகிறவர்களின் மரியாதை அது. அசிலிஸ் ரேடியோவைத் திரும்ப மாட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான் என்று இன்றைக்கும் அவளே சொல்வாள். அதற்குள் தானியங்கிச் சுக்கான் விட்டுப்போய், காற்றில் முகம் திரும்பி, பாய் படபடக்க நின்றிருந்த அவன் படகின் பக்கத்தில் கொண்டுபோய் அவனை ஏற்றிவிட்டாள்.

சும்மா ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னவன் உயிரைக் கொடுத்து ஓட்டினான். கிழிந்த பாயோடு அவள் மூன்று நிமிஷம் பின்னால் வந்தாள். கொங்கார்னோவில் வாணம் விட்டார்கள். கில்டாஸ் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். இதோ சொல்லப்போகிறான் என்று அசிலிஸ் நின்றாள்.

“கடைசிவரைக்கும் அசிலிஸ் என்னை விடவே இல்ல!” என்றான். கூட்டம் கைதட்டியது. அந்த வாக்கியத்தை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான் என்பதைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை விசாரணை. நடுவர் குழுவுக்குத் தலைவி மதாம் பெஸ்கோன். முன்னாள் நீதிபதி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அசிலிஸ் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“ரேடியோல ஏன் சொல்லலை?”

“அவன் கெஞ்சினான்.”

“மொசியே லெ மோவல், நீங்க தண்ணியில விழுந்தீங்களா?”

கில்டாஸ் மேஜையைப் பார்த்தான். “இல்ல மதாம். நீரோட்டம் அவங்களைப் பாறைப் பக்கம் இழுத்துது. அவங்க திரும்பினாங்க. நானும் நிறுத்திப் பாத்தேன், பனியில சரியாத் தெரியல, என்ஜின் சத்தம் மட்டும் கேட்டுது. பாவம், ரொம்பக் களைச்சிருந்தாங்க.”

அந்த ‘பாவம்’தான் அவளைக் கொன்றது. செயற்கைக்கோள் வரைபடத்தில் அவள் படகு திரும்பியதும் அவன் படகு நின்றதும் தெரிந்தது; எதற்காக என்று வரைபடம் சொல்லாது. இரண்டு மணி நேர அபராதம். அசிலிஸ் பதினோராவது இடத்துக்கு இறங்கினாள். பத்து நிமிஷத்தில் பிஸ்கட் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ‘வருந்துகிறோம்’ என்பது முதல் வார்த்தை. அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பந்தயக்காரர்கள் எல்லோரும் நீள மேஜையில் உட்கார்ந்தார்கள். அசிலிஸின் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. அவள் படகைப் பார்த்துக்கொள்ளும் மாரிவோன் மட்டும் எதிரே வந்து தட்டை டொக்கென்று வைத்தாள்.

“ஏன்டி, செத்துப் போடான்னு விட்டுட்டு வந்திருக்கலாம்ல?”

“இதைத்தான் காலையிலேர்ந்து நானும் யோசிக்கறேன்” என்றாள் அசிலிஸ். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பரிசு. ஜெயித்தவரை மற்றவர்கள் கைகால் பிடித்துத் தூக்கித் துறைமுகத் தண்ணீரில் போடுவது அங்கே வழக்கம். கோப்பையைக்கூட அப்புறம்தான் கொடுப்பார்கள். பதினேழு பேரும் கில்டாஸைத் தூக்கினார்கள். “வேணாம்! டேய், வேணாம்டா! விடுங்க!” என்று அவன் கத்தினான். எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் போட்டார்கள்.

விழுந்தவன் நீந்தவில்லை. கையும் காலும் விறைத்து, வாயைத் திறந்தபடி மேலும் கீழும் போனான். நடிக்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் கண் சிரிக்கிறவர்கள் ஒருத்தர் முகத்திலும் நிற்காமல் தேடி, கடைசியில் துறையோரம் ஒதுங்கி நின்றிருந்த அசிலிஸைக் கண்டுபிடித்தது.

“அசிலிஸ்! புடி! ராஸ்ல புடிச்ச மாதிரி புடி! விட்டுடாத!”

சிரிப்பு நின்றது. அசிலிஸ் ஒரு நொடி அசையவில்லை. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பிறகு படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். தலை வெளியே நிற்கும் அளவுக்குத்தான் பிடித்தாள், மேலே தூக்கவில்லை.

“ராஸ்ல எப்படிப் புடிச்சேன்?”

“அசிலிஸ், தூக்கு, தூக்கு...”

“சத்தமாச் சொல்லு. மதாம் பெஸ்கோனுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு காலையிலதான் தெரிஞ்சுது.”

அவன் சொன்னான். வாரைக் கழற்றியது, விழுந்தது, சுருக்குக் கயிறு, கெஞ்சியது, எல்லாம். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி அழுதான். அவள் அழுகை முடியும்வரை காத்திருக்காமல் ஒரே இழுப்பில் மேலே போட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

நடுவர் குழு அரை மணி நேரம் கதவைச் சாத்தியது. அசிலிஸின் அபராதம் ரத்து. ரேடியோவில் சொல்லாததற்கு ஒரு கண்டனக் கடிதம். கில்டாஸ் பந்தயத்திலிருந்து நீக்கம். முதலிடம், அசிலிஸ் கெர்பிரியான்.

மாரிவோன் அழுதாள். பிஸ்கட் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது பையில் கிடந்து அதிர்ந்தது. பதினேழு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு கையைத் தேய்த்தபடி அவளைச் சூழ்ந்தார்கள், தூக்கிப் போட. பத்தொன்பது வருஷமாக அவள் கனவில் பார்த்த காட்சி.

“எவனாவது கை வெச்சுப் பாருங்க” என்றாள்.

ஒருத்தன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். “அட, என்ன அசிலிஸ், இதுக்குப் போயி...”

“காலையிலேர்ந்து உங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், ‘அங்க என்னதான் நடந்துது’ன்னு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, இப்போ நானே குதிச்சிருப்பேன்.”

அவள் மதாம் பெஸ்கோன் கையிலிருந்த கோப்பையைத் தானே வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் நடுவே நடந்தாள். பதினேழு பேரும் விலகி வழிவிட்டார்கள்.