புருவத்தில் இரண்டு புள்ளி

மூக்கை ஒட்டிப் புருவம் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தால் எலும்பில் சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும். சீன வைத்தியத்தில் தலைவலிக்கும் கண் கோளாறுக்கும் அங்கேதான் ஊசி குத்துகிறார்கள். மூங்கில் என்று பொருள் வரும்படி அந்த இடத்துக்கு ஒரு பெயர்கூட உண்டாம். என் புருவத்தில் மூங்கில் எல்லாம் இல்லை, நரைத்த நாலு முடிதான்.

வில்லாபுரத்தில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் அக்குபஞ்சர் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வந்தவள் என் மனைவி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஓயாத தலைவலி என்று போன எனக்குக் கண் டாக்டர் கிளாக்கோமா என்று சொல்லியிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதையாவது கொஞ்ச காலம் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் கோபம்தான். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் அப்போது நான் மேனேஜர். ரூம் கேட்டு வருகிற ஆள் இடது பக்கமாக வந்து நின்றால், அவர் இருமினால்தான் எனக்குத் தெரியும்.

ஊசி போடுகிறவர் பொய் சொல்லாத மனிதர். "அண்ணே, தலைவலிக்கு நான் பொறுப்பு. கண்ணுக்கு டாக்டர் குடுத்த சொட்டு மருந்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்திறாதீங்க" என்றார். ஊசியை எடுத்த பிறகு இரண்டு புருவத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, வீட்டில் அந்த இடத்தை அழுத்திவிடும்படி, கூட வந்திருந்த என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

தலைவலி போய்விட்டது. வினையே அதில்தான் வந்தது. தலைவலி போனால் கண்ணும் சரியாகிவிடும் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். காலையில் நான் குளித்து வந்ததும் சொட்டு மருந்து விட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கண்மைப் பென்சிலால் புள்ளி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவாள்.

"இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்பாள்.

"தெரியுது. கொட்டாம்பட்டியில உங்க அண்ணன் பல் விளக்குறதுகூடத் தெரியுது" என்பேன்.

"உங்க வாயில நல்லதே வராதா?" என்று இன்னும் பலமாக அழுத்துவாள்.

உண்மையில் பக்கத்தில் நிற்கும் அவளே எனக்கு முழுதாகத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தால் வாய் காணாமல் போனது. சிரிக்கிறாளா என்று பார்க்கக் கீழே தேட வேண்டியிருந்தது.

போன மாதம் மறுபடியும் பரிசோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மின்னும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். வெகுநேரம் நான் அமுக்கவே இல்லை. மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "முடிஞ்சிருச்சு சார், எந்திரிங்க" என்றாள் அங்கிருந்த பெண். டாக்டர் இந்தத் தடவை கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பேசினார். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மீதி இருந்ததும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. லாட்ஜ் வேலையை அன்றே விட்டேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல அழுத்தினாள். ஆனால் எதுவும் கேட்கவில்லை.

"என்ன, இன்னைக்கு விசாரணை இல்லையா?" என்றேன்.

"இது சரியாகாதுன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "மொத நாளே அந்த ஊசிக்காரர் என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. கண்ணுக்கு இதுல வழியில்லம்மான்னு. கை சும்மா இருந்தாப் பயமா இருக்கு. அதான்."

அவளை ஏமாளி என்று நினைத்து இத்தனை நாளும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். நம்புவதற்கு வீட்டில் அவள் ஒருத்தியாவது இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அந்தக் கிண்டலெல்லாம் வந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இனி நம்புவதற்கு எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அழுகை வந்துவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.