எட்டாவது விளக்கு

பூலோகம் அதிகம் பேசமாட்டார். ஊரார் பேசிக்கொள்ள வயர் இழுத்துக் கொடுத்த மனுஷனுக்கு வீட்டில் வாயைத் திறக்க அவ்வளவு கஞ்சத்தனம். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்தச் சுவர் வழியாக எனக்குக் கேட்பதெல்லாம் அவர் மனைவி பிரேமலதாவின் குரல். "ஏங்க, காதுல விழுதா இல்லியா?" என்று அவள் கத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு "ம்" வரும்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஃபோர்ட் ஏரியா ஆபீஸ்களில் கேபிள் இழுத்துத் தொழில் படித்தவர். கைபேசி வந்ததும் அந்த ஆபீஸ்கள் இன்டர்காம் மெஷின்களைக் கழற்றிக் குர்லா பழைய சாமான் கடைகளில் தள்ளிவிட்டன. பூலோகம் அவற்றை வாங்கித் துடைத்து, சிக்னல் எட்டாத குடோன்களிலும் பேஸ்மென்ட்களிலும் மாட்டிக் கொடுப்பார். பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

பிரம்மநாயகத்தின் இட்லி மாவுக் கம்பெனியிலும் அப்படி ஒரு மெஷின் மாட்டினார். பிரேமலதா வேலை பார்த்ததும் அங்கேதான். மாவு டப்பாக்களை வைக்க அங்கே ஒரு குளிர் அறை உண்டு. சுற்றிலும் தகடு, கனத்த கதவு. கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறக்க ஒரு குமிழ் இருக்கும், அது உடைந்து நாளாகிவிட்டது. உள்ளே போகிறவர்கள் கதவு இடுக்கில் ஒரு டப்பாவை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். குமிழை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பெண்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பிரம்மநாயகம் மனம் இரங்கினார். குமிழ் வரவில்லை, போன் வந்தது.

"உள்ள ஒரு போன் போட்டுருடே பூலோகம். மாட்டிக்கிட்டா எடுத்துப் பேசட்டும்."

பூலோகம் பொத்தானே இல்லாத ஒரு போனைக் குளிர் அறைச் சுவரில் மாட்டினார். ரிசீவரைத் தூக்கினால் போதும், வாசல் மேசையில் மணி அடிக்கும்படி மெஷினில் ஏற்பாடு செய்தார். பெண்களைக் கூட்டி வைத்துக் காட்டியும் கொடுத்தார். "நம்பரெல்லாம் அமுக்க வேண்டாம். எடுத்தா போதும், நாங்க வந்துருவோம்." அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான் என்று பிரேமலதா சொல்லிச் சிரித்தாள்.

அந்த மெஷினில் எட்டு போன் மாட்டலாம். மெஷினைச் செய்த கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய எண்கள் இருபத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு வரை. குளிர் அறை கடைசி, இருபத்தெட்டு. பிரம்மநாயகத்துக்கு முகம் சுண்டிப்போனது.

"எட்டா? எட்டு சனில்லா! என் கார்ல எட்டு கெடையாது, வீட்டு நம்பர்ல கெடையாது. மாத்துடே."

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பூலோகம் அதை இருபத்தொன்பது ஆக்கினார். பிறகு மெஷினுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினார்கள். ஆனால் இந்த மாற்றத்தையெல்லாம் மெஷின் ஞாபகம் வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரியின் தயவில். பேட்டரி செத்திருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்து, பிறந்தபோது இருந்தபடி ஆகிவிடும். குர்லாவில் வாங்கிய பழசு, பேட்டரியும் பழசு. அதை மாற்ற வேண்டும் என்று பூலோகம் முதலாளியிடம் சொன்னார். "பூச போட்ட மிசின ஒடனே தொறக்கப்படாது. ஆயுத பூசைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார் முதலாளி. இவரும் ம் என்று வந்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் மழை வந்தது. அன்று மதியம் மாஹிம் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். கம்பெனியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. லோக்கல் ரயில் நின்றுவிடும் என்று பயந்து வேலைக்காரர்கள் சீக்கிரமே கிளம்பினார்கள். சூப்பர்வைசர் சலாவுதீன் குளிர் அறைக் கதவு லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்து, முட்டுக் கொடுத்த டப்பாவைக் காலால் தள்ளிவிட்டுச் சாத்தினான். அவன் மேல் தப்பில்லை. உள்ளே ஆள் இருந்தால் கதவைச் சாத்தியதும் போன் வரும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சாயங்காலம் பூலோகம் குடையோடு மனைவியைக் கூட்டிப்போக வந்தார்.

"அக்கா அப்பவே போயிருப்பாங்கண்ணே. எல்லாரும் நிக்கல் கயா" என்றான் சலாவுதீன்.

"வீட்டுக்கு வரலியே."

"சந்தேகத்துக்குக் கோல்ட் ரூமுக்கும் அடிச்சுப் பாத்துட்டேன். இருபத்தொம்பதுல சத்தமே இல்ல. ஆள் இருந்தா எடுத்துருக்கும்லா?"

பூலோகம் செருப்பு அலமாரியைப் பார்த்தார். குளிர் அறைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். பிரேமலதாவின் நீலப் பட்டை வைத்த செருப்பு அங்கே கிடந்தது. பிறகு வாசல் சுவரில் இருந்த மெஷினைப் பார்த்தார். வாடிய எலுமிச்சம்பழத்துக்குக் கீழே எட்டு சின்ன விளக்குகள். எந்த போனின் ரிசீவரை எடுக்கிறார்களோ அதன் விளக்கு எரியும். ஏழு அணைந்திருந்தன. எட்டாவது எரிந்துகொண்டிருந்தது.

அவர் இருபத்தெட்டை அடித்தார். எங்கேஜ்டு. கரண்ட் போனதில் மெஷின் இருபத்தொன்பதையும் மறந்திருந்தது, வாசல் மணியையும் மறந்திருந்தது.

அவர் அலறியது நாலு கடை தள்ளிக் கேட்டதாம். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கதவைத் திறந்தபோது பிரேமலதா டப்பாக்களுக்கு நடுவே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. "எடுத்தா போதும்னீங்களே" என்றாள். "எடுத்துட்டேங்க. எடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் சலாவுதீன் இருபத்தெட்டைத்தான் அடித்திருப்பான். எங்கேஜ்டு சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடியிருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பாழாய்ப்போன குமிழை மாட்டியிருந்தால் போனே வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் பிரம்மநாயகம் ஆப்பிளோடு வந்தார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன்.

"பாத்தியாடே? எட்டு திரும்பி வந்து உக்காந்துச்சு, அன்னைக்கே ஆளத் தூக்கப் பாத்துச்சு. நான் சொன்னப்ப ஒனக்குச் சிரிப்பா இருந்துச்சுல்லா?"

பூலோகம் நிமிர்ந்தார். "குமிழு..." என்று ஆரம்பித்தார்.

பிரேமலதா முந்திக்கொண்டாள். "மொதலாளி சொல்லுதது நெசந்தாங்க. அந்தச் சனியன மொதல்ல மாத்திருங்க. அப்பதான் என்னால அங்க கால வைக்க முடியும்." அவள் விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. பூலோகம் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ம் என்றார்.

மறுநாளே போய்ப் புது பேட்டரி போட்டார், எண்ணை மறுபடி இருபத்தொன்பது ஆக்கினார். முதலாளி புது எலுமிச்சம்பழம் கட்டினார். குமிழுக்கு ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

விரல் ஆறியதும் பிரேமலதா வேலைக்குக் கிளம்பினாள். இப்போதெல்லாம் பூலோகம் வேறு வேலைக்குப் போவதில்லை. காலையில் அவளோடு போய் மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். குமிழ் இன்னும் வந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது, டியூப் லைட் இரண்டு முறை கண் சிமிட்டியது.

"எட்டு போயிருச்சுல்லாங்க?" என்று கேட்டாள் பிரேமலதா.

"போயிருச்சு."

"அப்ப பயமில்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.