விட்டுப்போன மூன்று வாரங்கள்

எனக்கு அந்த வயதில் வாய்க்கொழுப்பு அதிகம். டவுன் காலேஜில் தமிழ் பி.ஏ. இரண்டாம் வருடம், வில்லியனூரிலிருந்து தினமும் பஸ். தமிழ் மன்றத்தின் சைக்ளோஸ்டைல் பத்திரிகையில் மதிப்புரை எழுதுவது என் பொறுப்பு. கிழித்துத் தொங்கப்போடுவதுதான் விமர்சனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியை ஒருவர் வெடுக்கென்று எழுதுகிறாய் என்று சொல்லித் தொலைத்ததிலிருந்து தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் மதிப்புரைக்குப் புத்தகமே அகப்படவில்லை. அண்ணியிடம் புலம்பினேன். அண்ணி கிருமாம்பாக்கத்துப் பெண். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை, அதன் பின்கட்டிலேயே வீடு. பொட்டலம் மடிக்க மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய வாரப் பத்திரிகைகளைப் பிரித்து அடுக்குவது அண்ணியின் வேலை. அடுக்கும்போதே படக்கதைப் பக்கங்களை மட்டும் உருவிவிடுவாள். வாரவாரியாக வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் காலண்டர் அட்டை ஒட்டி, மூன்று தொகுதிகள் செய்து வைத்திருந்தாள். அவற்றை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“உனக்கு மட்டுந்தான் பாப்பா. வூட்டுல யாருக்கும் காட்டாத” என்றாள்.

கல்யாணமானவள் பொம்மைக் கதை படிக்கிறாள் என்று சிரிப்பார்களே, அந்த வெட்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன். காட்ட மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வேறு செய்தேன்.

மூன்றையும் இரண்டே நாளில் படித்துமுடித்தேன். முதலாவது துப்பறியும் கதை. துப்பறிகிறவரின் கன்னத்து மச்சம் வாரம் ஒரு பக்கம் இடம் மாறியது. இரண்டாவது காட்டுக் கதை; ஆழமாகத் தைத்ததில் ஓரத்துக் கட்டங்களில் பாதிப் பேச்சு உள்ளே போய்விட்டது, புலியிடம் அவன் என்னதான் சொன்னான் என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்றாவது ஒரு மலைநாட்டு ராணியின் கதை. நடுவில் மூன்று வாரப் பக்கங்கள் கிடைக்காமல் போயிருந்தன. அதற்கு முந்தைய வாரத்தில் ராணி கோட்டை வாசலில் குதிரையோடு நிற்கிறாள். பிந்தைய வாரத்தில் பழையபடி அரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த இடைவெளியை அண்ணி தானே நிரப்பியிருந்தாள். அவளுக்குப் படம் வராது. அதனால் கோடு போட்ட தாளில் பென்சிலால் கட்டங்கள் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் வெறும் எழுத்து. ராணி தாய்வீட்டுக்குப் போனாள். தாய் சோறு போட்டாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டாள். ராணி பதில் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் முகத்து வீக்கம் வடிந்தது. ராணி திரும்பி வந்தாள். இவ்வளவுதான்.

எனக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் கட்டங்களுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினேன்.

பத்திரிகை கைக்கு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவும் அண்ணனும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நானே எடுத்து வாசித்தேன். புத்தகத்தைக் காட்டவில்லை, யாருடையது என்று சொல்லவும் இல்லை. ஆகவே சத்தியத்தை மீறவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அண்ணி ரசப் பாத்திரத்தோடு நின்றாள். இடம் மாறும் மச்சத்துக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். புலிக்கு அண்ணனுக்கே புரையேறியது. அண்ணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராணியின் கதையைச் சொல்லும் இடம் வந்ததும் அவள் சிரிப்பு நின்றதை நான் கவனிக்கவில்லை. குரலை உயர்த்தி வாசித்தேன்.

“விட்டுப்போன வாரங்களைத் தொகுத்தவரே எழுதியிருக்கிறார். ராணி ஒன்பது நாள் தாய்வீட்டில் இருந்தாளாம், முகத்து வீக்கம் வடிந்ததும் திரும்பினாளாம். ராணி எந்தப் போருக்கும் போகவில்லையே, வீக்கம் எங்கிருந்து வந்தது? யாரும் வந்து அழைக்காமலே அவள் ஏன் திரும்பினாள்? தொகுத்தவருக்கே தெரியாது போலும்.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா ஏதோ வேலை இருப்பதுபோலக் கிணற்றடிக்குப் போனாள். அப்பா என்னைப் பார்க்காமல், “போதும், நிறுத்து” என்றார்.

இரண்டு வருடம் முன்னால் அண்ணி திடீரென்று கிருமாம்பாக்கம் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். பரீட்சை மும்முரத்தில் நான் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனின் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, புத்தகம் எங்கே என்று என்னைத்தான் கேட்டான். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் குரலைக் கேட்டதும் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று தொகுதிகளையும் அட்டை பிய்த்துக் கடைக்குக் கொண்டுபோனான். சாயங்காலத்துக்குள் மிளகும் சீரகமும் அந்தத் தாள்களில் மடிந்து ஊருக்குள் போய்விட்டன. அண்ணி பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனோடு பேச்சை நிறுத்தினேனா என்றால், இல்லை. மறுநாள் காலை அவன் சைக்கிளில்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வழியில் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நாலைந்து நாள் அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஒளிந்து திரிந்தேன். ஒரு பகல், பின்கட்டில் அவள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்து அழுதேன். அவள் என்னை அழவிட்டாள். அழுகை ஓய்ந்த பிறகு, கையிலிருந்த கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

“இன்னாத்துக்கு அழுவுற? வீக்கம் எங்கருந்து வந்துச்சின்னு எழுதனியே, ரெண்டு வருசத்துல அத்த இந்த வூட்டுல கேட்டவ நீ ஒருத்திதான்.”

நான் கதையைத்தான் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில், அவள் முன்னாலிருந்த புளியில் கொஞ்சத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு நானும் கொட்டை எடுத்தேன்.