பெரிய கேசட்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

"சரிபோதுந்தி சார்" என்று யாராவது சொன்னாலே எனக்குக் குமட்டும். தெலுங்கில், போதும், சரியாகிவிடும் என்று பொருள். சித்தூரிலும் திருப்பதியிலும், தெலுங்கர் தமிழர் வேறுபாடு இல்லாமல், அளவு எடுக்கச் சோம்பல்படுகிற எல்லோரும் சொல்வது இது. அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தபோது, இதைச் சொன்ன ஒப்பந்தக்காரர்களின் கோப்புகளைத் திருப்பி அனுப்பியே என் காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதே சொல் சைக்கிள் கடையில் எனக்காகக் காத்திருந்தது.

எல்லாம் என் வலது முழங்காலால் வந்தது. விடியற்காலையில் திருப்பதி வீட்டிலிருந்து கிளம்பி, சந்திரகிரி தாண்டிப் பாக்கராப்பேட்டை கணவாய் ஏறித் திரும்புவது என் வழக்கம். ஏற்றத்தில் முட்டி வலிக்க ஆரம்பித்தது. மிதி இலகுவாக இருந்தால் ஓட்டலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். இதில் பின்பாதி மட்டும்தான் என் மனைவியின் காதில் விழுந்தது.

"இன்னொரு வாட்டி முட்டியப் புடிச்சிக்கினு வந்தீங்கன்னா, சைக்கிளு என் தம்பி ஊட்டுக்குப் போயிடும்" என்றாள். அவள் தம்பி வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருக்கிறது. அதில் துணி காய்கிறது.

மிதி இலகுவாக வேண்டுமென்றால் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட், பெரிதாக வேண்டும். என்னுடையதில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். முப்பத்தாறு பல் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது கீழே தொங்கும் ரியர் டீரெய்லர். அது அந்த முப்பத்தாறை எட்ட வேண்டும். தொய்வு விழும் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அதன் கையும் நீளமாக இருக்க வேண்டும். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, கழித்தல் தெரிந்தால் போதும். பின்னால் பெரியதன் முப்பத்தாறு பல்லில் சிறியதன் பதினொன்று போனால் இருபத்தைந்து. முன்னால் மிதியோடு சுற்றும் இரண்டு பல்சக்கரங்களில், நாற்பத்தாறில் முப்பத்துநான்கு போனால் பன்னிரண்டு. கூட்டினால் முப்பத்தேழு. அதற்குக் குறையாத கொள்ளளவு உள்ள டீரெய்லர் வேண்டும், அது என் எட்டு கியர் லீவரோடும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் சித்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, குட்டைக் கை டீரெய்லர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எட்டாதே" என்றேன்.

"ஸ்க்ரூவ நல்லா முறுக்கினா எட்டும் சார். அட்ஜஸ்ட்மெண்ட்லதான் ஒலகமே ஓடிக்கினு கீது."

வெளியே வந்துவிட்டேன். நீளக் கை டீரெய்லர், கேசட், நீளமான புதுச் சங்கிலி எல்லாவற்றையும் நானே தருவித்தேன். டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டிலும் ஒன்றை உபரியாக வாங்கி வைத்தேன். உபரி இல்லாமல் எதையும் கொள்முதல் செய்த பழக்கம் எனக்கு இல்லை. கேசட்டைக் கழற்றும் கருவி மட்டும் என்னிடம் கிடையாது. அதற்காகத் திருப்பதியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வரதய்யபாளையம் பக்கத்துத் தமிழர். கேசட்டோடு டீரெய்லரையும் புதுச் சங்கிலியையும் போட வேண்டும் என்று அவரிடம் இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்து பூஜை நடந்துகொண்டிருந்தது. புது டீரெய்லர் முழுக்க மஞ்சளும் குங்குமமும். கிரீஸில் குங்குமம் குழைந்து வழிந்துகொண்டிருந்தது. கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். மேஜைமேல் என் புதுச் சங்கிலியின் பெட்டி, பிரிக்காமல் இருந்தது.

"இது இன்னாத்துக்கு இங்க இருக்குது?"

"பழசே நல்லாத்தான் கீது சார். புதுச பத்திரமா எடுத்து வெச்சிக்கீறேன். இது தேஞ்சப்புறம் போட்டுக்கலாம்."

"பழசு நீளம் பத்தாதுய்யா."

"சரிபோதுந்தி சார். நவுருங்க, நம்ம கை ராசியான கை."

நான் ஹேண்டில்பாரைப் பிடிப்பதற்குள் அவரே ஏறி மிதித்தார். பழங்கள் நசுங்கின. பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி ஏறுவதை எனக்குக் காட்டும் பெருமையில் லீவரைத் தொடர்ந்து அமுக்கினார். முன்னாலும் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரிய பல்சக்கரம். இரண்டையும் சுற்றிவரப் பழைய சங்கிலிக்கு நீளம் ஏது? அது விறைத்து டீரெய்லரை முன்னால் இழுத்தது. ஹேங்கர் படக்கென்று முறிந்தது.

மனிதர் இறங்கி, தொங்கும் டீரெய்லரைக் குனிந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா சார்? யாரோ கண்ணு வெச்சிருக்காங்க. எலுமிச்சங்கா வாங்கிக்கிச்சு. இல்லன்னா காட் ரோட்டு ஏத்தத்துல போயி ஒடஞ்சிருக்கும்."

அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கு அதுதான் மிகவும் அருவருப்பாக இருந்தது. அந்தக் கடையில் சோதனை என்று எதுவும் கிடையாது. வேலை முடிந்த சைக்கிளில் யாராவது ஏறி மிதிப்பதென்றால் அது எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்காகத்தான். பழம் இல்லாவிட்டால் கணவாயில் மூச்சு வாங்கும்போது, முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்ற மறந்து நானே அந்த லீவரை அமுக்கியிருப்பேன். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

சங்கிலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு சைக்கிளை வீட்டுக்குத் தள்ளி வந்தேன். கேசட் ஏறிவிட்டதால் மிச்ச வேலை என் கைக்கு எட்டியது. உபரி ஹேங்கரை மாட்டினேன். புதுச் சங்கிலியை இரண்டு பெரிய பல்சக்கரங்களின் மேலும் சுற்றி அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டினேன். குங்குமத்தைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தும் இடுக்குகளில் இருந்தது போகவில்லை. கடையில் நடந்ததை மனைவியிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்றாள்.

"மொறைக்காதீங்க. ஏறுங்க."

ஏறினேன். பழத்தின்மேல் உருளும்போதே லீவரை அமுக்கி, முன்னாலும் பின்னாலும் பெரியதில் போட்டுப் பார்த்தேன். டீரெய்லர் நீண்டு கொடுத்தது, இழுபடவில்லை.

கணவாயில் முப்பத்தாறு பல்லில் நடக்கிற வேகத்தில்தான் ஏறினேன். முட்டி சத்தமே இல்லாமல் இருந்தது. ஆனால் டயரில் ஒட்டிய எலுமிச்சைச் சக்கை வழிப் புழுதியை எல்லாம் சேர்த்துக்கொண்டு, புளித்த நாற்றத்தோடு உச்சி வரை கூடவே வந்தது.

வீட்டில் நுழைந்ததும், "முட்டி இன்னா சொல்லுது?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"எலுமிச்சங்கா போட்டப்புறம் ஏன் சொல்லப்போவுது?" என்று உள்ளே போய்விட்டாள். சைக்கிள் என்னிடமே தங்கிவிட்டது. முப்பத்தேழு எப்படி வந்தது என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை.