வெட்டாமல் விட்ட தக்கைப்பூண்டு

மாத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் நாலு கட்டில் போடும் அளவுக்கு மண் கிடந்தது. மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உப்புப் பூத்த களி அது, ஒரு மழைக்கு வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். அதில் தோட்டம் போட ஆசைப்பட்டாள் என் மனைவி. ஆலையில் ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு மண்வெட்டியைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும். ஆனால் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். வாயெல்லாம் புண். மணத்தக்காளிப் பழம் பறித்துத் தின்றால் ஆறும் என்றாள். கூடவே நாலு கத்தரி, தக்காளி. மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

புழலிலிருந்து ஆலைக்கு வேலைக்கு வரும் தோஸ்து வழி சொன்னான். "தரையில நட்டா உப்பு துன்னுடும் மாமு. மேடு கட்டு. மொதல்ல தக்கைப்பூண்டு வெதச்சு வுடு. பூ வுட்டதும் வெட்டி அதே மேட்டுல பொதச்சிடு. மண்ணு தேறிடும். அப்பால இன்னா வேணா நடு."

லீவு நாளெல்லாம் அதில்தான் போனது. சுள்ளி, சருகு, சாணம், விலைக்கு வாங்கிய செம்மண் என்று அடுக்கி முழங்கால் உயரத்துக்கு மூன்று மேடு கட்டினேன். முதுகு கழன்றுவிட்டது. தக்கைப்பூண்டு மட்டும் என்னை ஏமாற்றவில்லை. கிடுகிடுவென்று ஆள் உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது.

அரிவாளோடு போய் நின்ற காலையில்தான் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா, புள்ளத்தாச்சிய வூட்ல வச்சுகினு பூத்த செடில கத்தி வைக்கிற? புருசங்காரன் வெட்டக்கூடாதுன்னு தெரியாது?"

"செடி இல்லக்கா, ஒரம்."

"ஒரமோ கிரமோ, உசுரு கீதுல்ல?"

உள்ளே இருந்த என் மனைவிக்கு அது கேட்டுவிட்டது. ஓடிவந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டாள். தோஸ்தை விட்டு வெட்டச் சொல்கிறேன் என்றேன். "யாரு வெட்னா இன்னாயா, நம்ம வூட்டுச் செடிதானே" என்று அழுதாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருந்தது. விட்டுவிட்டேன்.

பூ உதிர்ந்து காய் பிடித்தது. தண்டு முற்றியது. இனி புதைத்தாலும் லேசில் மக்காது என்று தோஸ்து தலையில் அடித்துக்கொண்டான். அவ்வளவு உழைப்பும் வீண். ஷிப்டு முடிந்து வந்து அதன் முன்னால் உட்காருவேன். அக்கா மேல் கோபம், இவள் மேல் கோபம். திட்டக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிப்போவேன். இந்தப் பிள்ளை தங்கினால் போதும், மண் எக்கேடாவது கெடட்டும் என்று இருந்தது.

ஐந்தாம் மாதம் அதுவும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒன்றேதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செடியில் ஓர் இலையைக்கூட நான் கிள்ளவில்லையே.

சில நாள் கழித்து வேலையிலிருந்து வந்தபோது அவள் பின்புறம் நின்றிருந்தாள். உடம்பு தேறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அரிவாளை என்னிடம் நீட்டினாள்.

"இப்போ வெட்டுயா" என்றாள். "இனிமே யாருக்கு இன்னா ஆவப்போவுது?"